பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி: தோற்றமும் தீனியும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் காய்ந்த சருகு போலக் கிடந்து, இருட்டியதும் பழத்தில் துளையிட்டுச் சாறு குடிக்கும் பெரிய அந்துப்பூச்சி இது. அறிவியல் பெயர் யூடோசிமா ஃபலோனியா. ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் என வெப்பமண்டலத்தின் பெரும்பகுதியில் காணப்படுகிறது. ஹவாயில் 1985இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இதன் புழு வளரும் இடம் வேறு, பூச்சி தின்னும் இடம் வேறு. இதைப் பற்றி எழும் குழப்பங்களில் பாதி இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

பழைய நூல்களில் வேறு பெயர் இருக்கிறதே, அது வேறு பூச்சியா?

இல்லை. ஓத்ரெய்ஸ் ஃபுல்லோனியா, யூடோசிமா ஃபுல்லோனியா, ஓஃபிடெரெஸ் ஃபுல்லோனிகா எல்லாம் இதே பூச்சிதான். குடும்பமும் மாறியிருக்கிறது: முன்பு நாக்டுயிடே, இப்போது எரிபிடே. தேடும்போது ஃபுல்லோனியா என்ற பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். இந்தப் பூச்சியைப் பற்றிய கள ஆய்வுகளில் நிறைய அந்தப் பெயரில்தான் கிடக்கின்றன.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

சிறகை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 8 முதல் 10 செ.மீ. இருக்கும். உடல் தடிமனானது, ரோமம் அடர்ந்தது. உட்கார்ந்திருக்கும்போது முன்சிறகுகளைக் கூரை போல உடலின் மேல் சாய்த்து மூடிக்கொள்ளும். அப்போது தெரிவது பழுப்பு நிறம் மட்டுமே. இலை நரம்பு போன்ற கோடு, அங்கங்கே பூஞ்சை பிடித்தது போன்ற புள்ளிகள் எல்லாம் சேர்ந்து உதிர்ந்த இலையாகவே காட்டும். முகத்தின் முன்னால் நீண்டிருக்கும் இரண்டு உணர்நீட்சிகளைக் கைக்கண்ணாடியில் பாருங்கள். அவற்றின் கடைசிக் கணு மெலிந்து போய், நுனியில் மட்டும் சற்றே அகன்று முடிகிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் அது இலைக்காம்பு.

சிறகைத் திறந்தால் கதையே வேறு. பின்சிறகு பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சள். அதன் நடுவே அவரை விதை வடிவில் வளைந்த ஒரு கறுப்புத் திட்டு. வெளி ஓரத்தில் கறுப்புப் பட்டை, அந்தப் பட்டையின் விளிம்பில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். தொந்தரவு செய்தால் முன்சிறகைச் சட்டென்று தூக்கி இந்த நிறத்தைக் காட்டும். கொத்த வந்த பறவை ஒரு கணம் தயங்கினால் போதும், பூச்சி தப்பிவிடும்.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முடியுமா?

முன்சிறகைப் பாருங்கள். ஆணுக்கு அது ஏறக்குறைய ஒரே சீரான ஊதா கலந்த பழுப்பு. பெண்ணுக்கு நிறம் கலந்து கிடக்கும், நடுவில் முக்கோணக் குறி ஒன்று இருக்கும், சிறகின் ஓரமும் கூடுதலாக நெளிந்திருக்கும். பின்சிறகு இரண்டிலும் ஒன்றுதான். சிறகுச் செதில் உதிர்ந்த பழைய பூச்சியில் இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது.

இதே ஆரஞ்சு நிறத்தில் வேறு இனங்கள் உண்டா?

உண்டு. பின்சிறகின் நடுவே வளைந்த திட்டுக்குப் பதிலாக வட்டமான கறுப்புப் பொட்டு இருந்தால் அது யூடோசிமா மாடர்னா. முன்சிறகு பச்சையாகவும் அதன் முன் ஓரம் அகன்ற வெளிர் பட்டையாகவும் இருந்தால் யூடோசிமா சலாமினியா. மூன்றும் பழத்தைத் துளைப்பவையே. தடுக்கும் முறையும் ஒன்றே. ஆகவே பாதுகாப்புக்காக மட்டும் பார்க்கிறவர்கள் இனம் பிரிப்பதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. சிறகு மூடிய நிலையில் எடுத்த படத்தை மட்டும் வைத்து இனம் கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்வது கடினம். பின்சிறகு தெரியும் படம் ஒன்று வேண்டும்.

புழு எப்படி இருக்கும்?

ஒரு முறை பார்த்தால் மறக்காது. முழுவளர்ச்சியில் 5 முதல் 6 செ.மீ. நீளம். உடம்பில் முள்ளோ சுணையோ கிடையாது. வெல்வெட் போன்ற கறுப்பு, கரும்பழுப்பு அல்லது பச்சை. ஒரே கொடியில் இரண்டு மூன்று நிறத்துப் புழுக்கள் இருக்கலாம், அவை வெவ்வேறு இனம் அல்ல. உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் முன்பாதியில் அடுத்தடுத்து இரண்டு பெரிய கண் போன்ற வளையங்கள். முன் வயிற்றுக்கால்கள் சிறுத்துப் போனதால் முதுகை வளைத்து வளைத்து நடக்கும் காவடிப்புழு நடை. தொட்டால் தலையை உள்ளே மடக்கிக்கொண்டு பின்பாகத்தைத் தூக்கி நிறுத்தும். அந்த நிலையில் பொய்க்கண்கள்தான் முன்னால் நிற்கின்றன, உண்மையான தலை ஒளிந்துவிடுகிறது. கையில் எடுத்தாலும் அரிக்காது.

முட்டை சுமார் 1 மி.மீ. அளவில் வெளிர் மஞ்சளாக இலையின் அடிப்பக்கத்தில் தனியாகவோ கூட்டமாகவோ இருக்கும். வெப்பமான காலத்தில் மூன்று நான்கு நாளில் பொரியும். புழுப்பருவம் இரண்டு முதல் மூன்று வாரம், பிறகு இலைகளை மெல்லிய பட்டு நூலால் சேர்த்துப் பிணைத்து உள்ளே கூட்டுப்புழுவாகும். அதிலிருந்து பூச்சி வர இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரம். குளிர்ந்த இடத்தில் எல்லாமே நீளும்.

பழ மரத்தின் இலைகளில் தேடியும் ஒரு புழுகூடக் கிடைக்கவில்லை. ஏன்?

அது அங்கே இருப்பதில்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவில் இதன் புழு தின்பது சீந்தில் குடும்பத்துக் கொடிகளை: சீந்தில், கட்டுக்கொடி, அவற்றின் உறவுக் கொடிகள். பசிபிக் தீவுகளில் நிலைமை வேறு. அங்கே கல்யாண முருங்கை இனத்து மரங்களிலும் புழு வளர்கிறது. பழ மரத்துக்கும் புழுவுக்கும் சம்பந்தமே இல்லை. பூச்சி எங்கோ காட்டோரக் கொடியில் பிறந்து, வளர்ந்து, பழவாசனையைப் பிடித்துக்கொண்டு இரவில் வருகிறது. நெடுந்தூரம் பறக்கவல்லது என்பதால் பக்கத்தில் கொடி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் மென்மையான உறிஞ்சுகுழல்தானே? இது எப்படி ஆரஞ்சுத் தோலைத் துளைக்கிறது?

பெரும்பாலானவற்றுக்கு அது வளையும் குழாய், தேன் உறிஞ்ச மட்டுமே ஆகும். இந்த இனத்தில் அது துளையிடும் கருவியாகவே மாறியிருக்கிறது. நீளம் சுமார் 2.5 செ.மீ. நுனி கூர்மையாகி, கெட்டியான புறத்தோலால் இறுகிக் கறுத்திருக்கும். நுனியை நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டு வகை அமைப்புகள் தெரியும்: திசுவைக் கிழிக்கும் அசையாத கொக்கிப் பற்கள் ஒருவகை, உடல்திரவத்தின் அழுத்தத்தால் எழுந்து நின்று பின்னோக்கிச் சாயும் முட்கள் மற்றொரு வகை.

உறிஞ்சுகுழல் உண்மையில் ஒன்றோடொன்று பூட்டிய இரண்டு பாதிகள். பூச்சி நுனியைத் தோலில் ஊன்றித் தலையை ஆட்டத் தொடங்கும். ஒரு பாதி முன்னே போகும்போது மற்றது பின்னே வரும், பிறகு மாறும். முன்னே போன பாதியின் முட்கள் திசுவில் மாட்டிக்கொண்டு பிடிமானம் தர, அதைப் பற்றிக்கொண்டு அடுத்த பாதி இறங்கும். தலையின் எடையால் குத்துவதில்லை, மாறி மாறி ஏறி இறங்குவதாலேயே துளை ஆழமாகிறது. தோல் கடந்ததும் குழல் அடிவரை உள்ளே போய்விடும். பிறகு துளையை மாற்றாமலே, நுனியை மட்டும் பல திசையில் திருப்பிச் சுற்றிலும் உள்ள சாற்றுப் பைகளைக் கிழித்து உறிஞ்சும். வெளியே ஒரே ஒரு சிறு துளை, உள்ளே பெரிய பரப்பில் சேதம் என்பது இதனால்தான்.

உணவுக்கு முன் நடப்பதும் பார்க்கத் தக்கது. பழத்தில் இறங்கியதும் உடனே துளைப்பதில்லை. உணர்கொம்பை அதிரவிட்டுக்கொண்டு பழத்தின் மேல் ஓடும், நின்று குழலின் நுனியால் தொட்டுப் பார்க்கும், மறுபடி ஓடும். ஏற்கனவே துளை இருந்தால் அதையே பயன்படுத்தவும் செய்யும்.

அப்படியானால் மனிதரையும் குத்துமா?

இந்த இனம் குத்தாது. ஆனால் கேள்வி வீண் அல்ல. இதே உபகுடும்பத்தைச் சேர்ந்த கலிப்ட்ரா பேரினத்தில் சில இனங்களின் ஆண்பூச்சிகள் பாலூட்டிகளின் தோலைத் துளைத்து இரத்தம் குடிக்கின்றன. ஹான்ஸ் பான்சிகர் என்ற பூச்சியியலாளர் 1960களின் பிற்பகுதியில் மலேசியாவில் கலிப்ட்ரா யூஸ்ட்ரிகேட்டாவில் இதைக் கண்டு எழுதினார். பழம் துளைக்கும் கருவியும் தோல் துளைக்கும் கருவியும் அடிப்படையில் ஒன்றே.

எந்தப் பழங்களுக்கு வரும்? காயையும் துளைக்குமா?

ஆரஞ்சு, கமலா, மாதுளை, கொய்யா, மா, திராட்சை, பப்பாளி, வாழை, லிச்சி, லோங்கன், நட்சத்திரப்பழம், தக்காளி என்று பட்டியல் நீளும். வாசனை வரத் தொடங்கிய, பழுக்கும் நிலையில் உள்ளவற்றைத்தான் விரும்பும். பூச்சி பெருகிய ஆண்டில் மட்டும் பச்சைக் காயிலும் துளை போடும். அந்தக் காய் அந்த இடத்தில் முன்கூட்டியே நிறம் மாறிப் பழுத்தது போலத் தெரிந்து உதிரும். மழைக்குப் பின் கொடிகள் தளிர்த்துச் சில வாரங்கள் கழித்து வரும் பழப்பருவம்தான் அதிகம் அடிபடும்.

இரவில் எப்போது, எப்படித் தேடுவது?

சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் வரத்து அதிகம். விடியற்காலையில் போனால் துளைதான் இருக்கும், பூச்சி இராது. அது பகல் தங்குமிடமான புதர்க்காட்டுக்குத் திரும்பியிருக்கும்.

காட்டோரம் அல்லது புதரோரம் உள்ள வரிசையை முதலில் பாருங்கள். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றி விளக்கானால் இன்னும் நல்லது, பிடித்துக்கொண்டு பழங்களின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். பூச்சியின் கண்கள் ஆரஞ்சு கலந்த சிவப்பாக ஒளிரும். விளக்கை இடுப்பருகே பிடித்தால் இந்த ஒளிர்வு உங்கள் கண்ணுக்கு வராது. பலர் பூச்சியே இல்லை என்று திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. உறிஞ்சிக்கொண்டிருக்கும் பூச்சி எளிதில் பறக்காது. சுமார் 30 செ.மீ. விட்டமுள்ள கைவலையைப் பழத்துக்குக் கீழிருந்து மேலே கொண்டுபோய் மூடுங்கள். மேலிருந்து வந்தால் கீழே விழுந்து புல்லில் மறைந்துவிடும். வரிசை வாரியாக எண்ணிக்கையைக் குறித்துவைத்தால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது சில இரவுகளில் தெரிந்துவிடும். சிறிய தோட்டத்தில் இப்படிக் கையால் பிடிப்பதே மிகச் சிக்கனமான வழி.

துளை இதனுடையதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

துளை வட்டமாக, சுத்தமான ஓரத்தோடு, ஊசியால் குத்தியதைவிடச் சற்றுப் பெரிதாக, சுமார் 2 மி.மீ. இருக்கும். பழத்தைத் துளையைச் சுற்றி மெல்ல அழுத்துங்கள், சாறு கசியும். அறுத்தால் துளைக்கு நேர் கீழே சதை வறண்டு பஞ்சுபோல ஆகியிருக்கும் அல்லது பழுப்பேறி நொளநொளத்திருக்கும்.

பழ ஈ முட்டையிட்ட குத்து இதைவிட மிகச் சிறியது, அறுத்தால் உள்ளே கால் இல்லாத வெள்ளைப் புழுக்கள் நெளியும். இந்தப் பூச்சியின் துளையில் புழு இருக்கவே இருக்காது, ஏனெனில் அது பழத்தில் முட்டையிடுவதில்லை. (அழுகிய பிறகு பழ நொதி ஈக்கள் வந்து முட்டையிட்டால் புழு காணப்படும், ஆகவே புதிதாகத் துளைபட்ட பழத்தை அறுத்துப் பாருங்கள்.) பறவை கொத்தினால் தசை பிய்ந்து ஒழுங்கற்ற குழி விழும். நாவாய்ப்பூச்சி குத்தினால் வெளியே துளை கண்ணுக்குத் தெரியாது, உள்ளே தழும்பு மட்டும்.

இன்னொரு எச்சரிக்கை: இரவில் பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் எல்லா அந்துப்பூச்சியும் குற்றவாளி அல்ல. ஆமணக்குக் காவடிப்புழுவின் பூச்சியான அக்கியா ஜனாட்டா போன்றவை மற்றொன்று போட்ட துளையிலோ வெடிப்பிலோ வந்து குடிப்பவை. அவற்றை எண்ணி முடிவெடுத்தால் உண்மையான தாக்குதலைத் தவறாகக் கணிப்பீர்கள்.

துளை சிறியதுதானே, பழம் ஏன் முழுக்க வீணாகிறது?

குடித்த சாறு அளவில் அற்பம். துளை வழியே பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே போவதுதான் சேதம். கிழிபட்ட சாற்றுப் பைகள் நொதிக்கத் தொடங்கும். நொதித்த வாசனை மேலும் பூச்சிகளையும் ஈக்களையும் கூப்பிடும். சில நாளில் பழம் உதிரும். உதிர்ந்ததை மரத்தடியிலேயே விட்டால் அடுத்த இரவுக்கு நீங்களே அழைப்பு வைத்தது போல. தினமும் பொறுக்கி, ஆழமாகப் புதைக்கவோ வாய் கட்டிய பையில் வெயிலில் போடவோ வேண்டும்.

மருந்து தெளித்தால் போதாதா?

போதாது, பெரும்பாலும் வீண். பூச்சி தோலின் மேலுள்ளதை உண்பதில்லை. குழலைச் செருகி உள்சாற்றை எடுக்கிறது. தோட்டத்தில் அது இருப்பது இரவின் சில மணி நேரம் மட்டும். இன்று சிலவற்றைக் கொன்றாலும் நாளை வெளியிலிருந்து வேறு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாக்குதல் வருவது அறுவடையை ஒட்டி. அந்த நேரத்தில் தெளித்த நஞ்சு பழத்தோடு போகும்.

வெல்லமோ பழச்சாறோ கலந்த நச்சுத் தீனி வைப்பது பழைய பரிந்துரை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான உண்மையான பழம் தொங்கும்போது கிண்ணத்து இனிப்புக்கு வரும் பூச்சி குறைவுதான். புகை போடுவது வாசனையை மறைக்கும், ஆனால் புகை நிற்கும் வரைதான். காற்று திரும்பினால் அதுவும் இல்லை.

பை கட்டுவது, வலை போடுவது இரண்டில் எது?

மரம் குறைவாக, பழம் பெரிதாக இருந்தால் பை. நிறம் திரும்பத் தொடங்கும் முன்பே கட்டிவிட வேண்டும். வாசனை வந்தபின் கட்டினால் ஏற்கனவே துளைபட்ட பழத்தைப் பைக்குள் அழுகவிடுவீர்கள். பை பழத்தைவிட நன்கு பெரிதாக இருக்கட்டும், எல்லாப் பக்கமும் மூன்று செ.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. உறிஞ்சுகுழலின் நீளம் 2.5 செ.மீ. என்பதை நினைவில் வையுங்கள். மழையில் நனைந்து பழத்தோடு ஒட்டிக்கொண்ட மெல்லிய காகிதப் பை பாதுகாப்பே அல்ல. காம்பைச் சுற்றி மேல்வாயை இறுகக் கட்டி, அடியில் ஓரிரண்டு சிறு துளைகள் விடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பை நேர் வெயிலில் பழத்தை வேகவைத்துவிடும், நிழல் பக்கத்துக் கிளைக்கு மட்டும் அது சரி.

வலை பெரிய அளவுக்கு ஏற்றது. கண் 1 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மரத்தின் மேல் நேரடியாகப் போர்த்தினால் வெளிப்புறப் பழங்கள் வலையில் உரசும், பூச்சி வலை மேல் உட்கார்ந்து கண் வழியே குழலை விடும். ஆகவே கம்புகளோ சட்டமோ நட்டு, வலையை இலைப்பரப்பிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். தரையோரம் மண் அணைத்து மூட மறந்தால், அடியில் தவழ்ந்து நுழைந்தவை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தின்றுகொண்டிருக்கும்.

விளக்குப்பொறி உதவுமா?

அந்துப்பூச்சி என்றாலே விளக்குக்கு வரும் என்று நினைக்கிறோம். இது அவ்வளவாக வருவதில்லை. ஜப்பானில் வேறு கோணத்தில் விளக்கைப் பயன்படுத்தினார்கள்: பழத்தோட்டம் முழுக்க மஞ்சள் ஒளி. அந்த வெளிச்சத்தில் பழந்துளைக்கும் பூச்சியின் கண் பகலுக்குரிய நிலைக்கு மாறி, அது தின்னாமல் அசைவற்று இருந்துவிடுகிறது. இதற்குப் பழங்கள் இருக்கும் எல்லா இடத்திலும் குறைந்தது 1 லக்ஸ் ஒளி வேண்டும். இலை அடர்த்தியில் இருட்டு மூலைகள் மிஞ்சினால் பூச்சி அங்கே போய்த் தின்னும். இருட்டும் முன்பே போட்டுவிடவும் வேண்டும்.

புழு வளரும் கொடிகளை வெட்டிவிடலாமா?

வேலியிலும் மரத்தடியிலும் உள்ளவற்றை நீக்கினால் அருகிலேயே பிறக்கும் பூச்சி குறையும். ஆனால் காடு முழுக்க வெட்டுவது நடக்காத காரியம், தேவையும் இல்லை. அந்தக் கொடிகளில்தான் இதன் எதிரிகளும் வாழ்கின்றன. மருந்துக்காகச் சீந்தில் வளர்ப்பவர்கள் வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பார்த்து முட்டையையும் புழுவையும் எடுத்தால் போதும்.

அந்த எதிரிகள் யார்?

முக்கியமானவை முட்டைக்குள் முட்டையிடும் மிகச்சிறு குளவிகள்: டெலினோமஸ், ஊயென்சிர்டஸ், டிரைக்கோகிராமா. ஆரோக்கியமான முட்டை வெளிர் நிறமாக இருக்கும். குளவி புகுந்தது நாளடைவில் கறுத்துவிடும், அதை நசுக்காதீர்கள். பப்புவா நியூ கினியிலிருந்து டெலினோமஸ், ஊயென்சிர்டஸ் குளவிகளை 1980களின் பிற்பகுதியிலிருந்து சமோவா உள்ளிட்ட பசிபிக் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள்.

கிடைத்த புழுவை வளர்த்துப் பூச்சியைப் பார்க்க ஆசை. எப்படி?

உயரமான 2 லிட்டர் டப்பா ஒன்று, வாயில் துணி, அடியில் காகிதம். ஒரு டப்பாவில் இரண்டு மூன்று புழுவுக்கு மேல் வேண்டாம். எந்தக் கொடியில் எடுத்தீர்களோ அதே கொடியின் இலையைக் கொடுங்கள்; வேறு இலை போட்டால் தொடாமலே பட்டினி கிடந்து சாகும். தண்டைச் சிறு தண்ணீர்க் குப்பியில் செருகி, வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லையேல் புழு தண்ணீரில் விழும். எச்சத்தைத் தினமும் நீக்குங்கள். டப்பாச் சுவரில் நீர் கோத்தால் புழு தளர்ந்து கறுத்து இறக்கும், துணி மூடியின் நோக்கமே அதைத் தவிர்ப்பதுதான்.

இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டியபின் அதைப் பிரிக்க வேண்டாம். நிற்கக் கரடுமுரடான குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். வெளிவந்த பூச்சி ஏறித் தொங்கினால்தான் சிறகு விரியும். வழுக்கும் பிளாஸ்டிக் சுவர் மட்டும் இருந்தால் சிறகு சுருங்கி இறுகிவிடும், பிறகு சரியாகாது. சிறகு காய்ந்தபின் தோலோடு ஒரு ஆரஞ்சு வைத்துப் பாருங்கள். துளைக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. மங்கலான சிவப்பு வெளிச்சம் போதும், வெள்ளை டார்ச் வேண்டாம்.

துளைபட்ட பழத்தைச் சாப்பிடலாமா?

பூச்சி நஞ்சு எதையும் செலுத்துவதில்லை. அன்றிரவே துளைபட்டது, சதை கெட்டியாக இருக்கிறது, நொதித்த வாசனை இல்லை என்றால் துளையைச் சுற்றிலும் தாராளமாக அறுத்தெடுத்துவிட்டு மீதியை உண்ணலாம். புளித்த வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். விற்பனைக்கோ சேமிப்புக்கோ மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள்: பெட்டியில் ஒன்று இருந்தால் அதிலிருந்து கசியும் சாறே பக்கத்துப் பழங்களுக்குப் பூஞ்சையைக் கொண்டுபோகும். பெட்டியில் அடுக்கும் முன் ஒவ்வொரு பழத்தையும் கையில் சுழற்றி மெல்ல அழுத்திப் பார்ப்பது, கண்ணால் மட்டும் பார்ப்பதைவிட நம்பகமானது.